அம்மா சொன்ன பிட் ஸ்திரீட்

“நேயர்களே, தங்க இரதம் இன்னும் சற்று நேரத்தில் நகரப் போகிறது” என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கியைக் கீழே இறக்கினேன். அப்போதுதான் கைப்பேசியில் அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்தேன். அம்மா அனுப்பியிருந்தார்.

“பிட் ஸ்திரீட்ல சாமி கோயிலுக்குப் பின்னால சந்துல உட்கார்ந்திருக்கேன். தலை சுத்துது. சீக்கிரம் வா.”

சில ஆண்டுகளுக்கு முன், தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை அது. பினாங்கு குயின் ஸ்திரீட் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலய வாசலிலிருந்து நேரடி ஒலிபரப்பு. 2017-ஆம் ஆண்டு முதல் தங்க இரதம் இந்த ஆலயத்திலிருந்துதான் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து கிளம்பும் வெள்ளி இரதமோ 1894-ஆம் ஆண்டிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு இரதங்கள், பால்குடங்கள், தண்ணீர்ப் பந்தல்கள் என்று ஜோர்ஜ்டவுன் திணறும் நாள். இரதம் பார்க்க வேண்டும் என்று கிள்ளானிலிருந்து என்னோடு வந்திருந்தார் அம்மா. வயது 64. இனிப்பு நீர் உள்ளவர். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அழைத்துப் பார்த்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தால் இணைப்பு எப்படிக் கிடைக்கும்? கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தேன். வெறும் சாம்பல் கட்டங்கள். நடுவில் நான் இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு நீலப் புள்ளி மட்டும். தெருவும் இல்லை, பெயரும் இல்லை.

அம்மா பினாங்கில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போனவர். அவருக்கு இந்த ஊர் 1970-களின் ஊர். நான் கிள்ளானில் வளர்ந்தவள், எனக்குப் பெயர்ப்பலகையில் இருப்பதுதான் ஊர். ‘பிட் ஸ்திரீட்’ என்று எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு கோயிலைச் சுற்றிப் பின்பக்கத் தெருவுக்கு வந்தேன். அம்மா இல்லை. நாணயமாற்று வணிகர் ஒருவர் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “பாய், இங்க பிட் ஸ்திரீட் எங்க இருக்கு?” என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ நிக்கிறதே பிட் ஸ்திரீட்தாம்மா.”

தலைக்கு மேலே பலகை இருந்தது: ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்.

தெரு கிடைத்துவிட்டது. ஆனால் சந்து எது? என் பின்னாலேயே ஓடி வந்த எங்கள் ஒலிப் பொறியாளர் அண்ணன், இடுப்புப் பையிலிருந்து கையடக்கமான ஒரு கருவியை எடுத்தார். பழைய காலத்துக் கைப்பேசி போலத் தடிமனாக, சின்னத் திரையோடு இருந்தது. வார இறுதியில் மலையேறப் போகும்போது அவர் எடுத்துச் செல்லும் ஜிபிஎஸ் கருவி. திரையில் நாங்கள் நின்ற தெரு, பக்கத்துத் தெருக்கள், சந்துகள் எல்லாம் கோடு கோடாகத் தெரிந்தன. அதற்கு இணைப்பே தேவைப்படவில்லை.

“பிட்னு தேடிப் பார்த்தேன், வரலை. தங்கச்சி, அம்மா எந்தச் சாமியைச் சொன்னாங்க?”

அப்போதுதான் உறைத்தது. இந்தத் தெருவில் சாமிக்கா பஞ்சம்? வடக்கு முனையில் 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அடுத்து குவான் யின் கோயில். அதைத் தாண்டினால், குயின் ஸ்திரீட்டை நோக்கிய மாரியம்மன் ஆலயத்தின் பின்பக்கம். இன்னும் தெற்கே 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சிறுவயதில் பாட்டியோடு குவான் யின் கோயிலுக்குப் போய் ஊதுவத்தி ஏற்றிய கதையை அம்மா நூறு முறை சொல்லியிருக்கிறார். அவருக்கு அதுவும் சாமி கோயில்தான்.

அண்ணன் திரையை நகர்த்தினார். குவான் யின் கோயிலுக்குப் பின்னால் மெல்லிய கோடாக ஒரு சந்து. லோரோங் ஸ்டூவர்ட். ஓடினோம். ஐந்தடியில் ஒரு தூணில் சாய்ந்து அம்மா உட்கார்ந்திருந்தார். சீனப் பாட்டி ஒருவர் அவருக்குப் பார்லி தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். குறுஞ்செய்தி வந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

அம்மாவின் முதல் கேள்வி: “இவ்வளவு நேரமா? பிட் ஸ்திரீட் கூடவா தெரியாது உனக்கு?”

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இரதம் தண்ணீர்மலை சேர்ந்த பிறகு அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது? வரைபடம் எங்கே வாங்கினீர்கள்?

“வாங்கலைம்மா. சும்மா கிடைச்சது.”

இணையம் வேண்டாம், வானம் போதும்

ஜிபிஎஸ் என்றாலே இணையம் வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஊடகவியலில் பட்டம் பெற்ற நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை வேறு.

பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தையும் இடத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. நம் கையிலுள்ள கருவி அந்த அறிவிப்பைக் கேட்கிறது, அவ்வளவுதான். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கேட்டால், எந்தக் குரல் எவ்வளவு நேரம் தாமதமாக வந்தது என்று கணக்கிட்டு நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். வானொலிக்காரியான எனக்கு இது எளிதாகப் புரிந்தது. ஒலிபரப்பு ஒரு பக்கம், கேட்பவர் மறு பக்கம். எத்தனை பேர் கேட்டாலும் நெரிசல் கிடையாது.

இந்தத் துல்லியம் பொதுமக்களுக்குக் கிடைத்து ரொம்ப காலம் ஆகவில்லை. அமெரிக்க இராணுவம் பொதுப் பயன்பாட்டுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைச் சேர்த்து வைத்திருந்தது. இடம் சுமார் நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. அதன் பிறகுதான் சாதாரணக் கருவியும் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று சொல்லத் தொடங்கியது.

தைப்பூச நாளில் என் கைப்பேசியும் நீலப் புள்ளியைச் சரியாகத்தான் காட்டியது. இல்லாமல் போனது புள்ளிக்கு அடியில் இருக்க வேண்டிய வரைபடம். அதை ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்து இறக்கித்தான் காட்டும். அண்ணனின் கருவியிலோ நாடு முழுவதற்குமான வரைபடம் விரல் நகம் அளவுள்ள அட்டையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

யார் வரைந்த வரைபடம்?

அந்த வரைபடத்தின் பெயர் ஓப்பன் ஸ்திரீட் மேப். 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர் இங்கிலாந்தில் தொடங்கியது. அப்போது அந்நாட்டில் அரசு நிறுவனம் தயாரித்த வரைபடத் தரவைப் பயன்படுத்த வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும், நிபந்தனைகளும் உண்டு. ‘நம் தெருவை நாமே வரைந்தால் என்ன?’ என்பதுதான் அவருடைய கேள்வி. விக்கிப்பீடியாவை ஊர் கூடி எழுதுவது போல, வரைபடத்தையும் ஊர் கூடி வரையலாம் என்றார்.

தொடக்கத்தில் தன்னார்வலர்கள் எப்படி வரைந்தார்கள் தெரியுமா? இதே மாதிரி கையடக்க ஜிபிஎஸ் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார்கள், சைக்கிள் மிதித்தார்கள். கருவி அவர்கள் போன தடத்தைப் பதிவு செய்தது. வீட்டுக்கு வந்து அந்தத் தடத்தின் மேல் கோடு போட்டு, பெயர் எழுதினார்கள். ஆக, இன்று அந்த வரைபடத்தைப் படிக்கும் கருவிதான் முதலில் அதை எழுதவும் உதவியது.

நம் நாட்டிலும் இப்படி ஓர் உழைப்பு நடந்திருக்கிறது. ‘மால்ஃப்ரீமேப்ஸ்’, ‘மால்சிங்மேப்ஸ்’ என்ற பெயர்களில் தன்னார்வலர்கள், மலேசியா, சிங்கப்பூர் சாலைகளுக்குக் கார்மின் கருவிகளில் இயங்கும் இலவச வரைபடத்தைத் தயாரித்து வழங்கினார்கள். அது ஓப்பன் ஸ்திரீட் மேப்பிலிருந்து வேறான தனி முயற்சி. கைப்பேசியில் வழி கேட்கும் பழக்கம் வருவதற்கு முன், காடியின் முன்கண்ணாடியில் கருவியை ஒட்டிக்கொண்டு பாலேக் கம்போங் போன பலருக்கு அந்தப் பெயர் நினைவிருக்கலாம்.

ஓப்பன் ஸ்திரீட் மேப் இலவசம் மட்டுமல்ல, கட்டற்றதும்கூட. இலவச வரைபடத்தைப் பார்க்கலாம். கட்டற்ற வரைபடத்தை எடுத்துக்கொண்டு போகலாம், திருத்தலாம், வேறு கருவிக்கு மாற்றலாம், அச்சடித்துக் கொடுக்கலாம். 2012 முதல் இருக்கும் உரிமம் கேட்பது முக்கியமாக இரண்டு: எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். அந்தத் தரவைத் திருத்திப் பிறருக்குக் கொடுத்தால், திருத்தியதையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும்.

இந்த உரிமையின் அருமை பேரிடரில் தெரியும். 2010 ஜனவரி 12 அன்று ஹைத்தியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சுக்குக் கையில் வைத்துப் பயன்படுத்த நல்ல வரைபடம் இருக்கவில்லை. உலகெங்கும் இருந்து நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில நாள்களில் தெருக்களை வரைந்தார்கள். அமெரிக்காவின் ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டி மீட்புக் குழு அந்த வரைபடத்தைத் தங்கள் கார்மின் கருவிகளில் ஏற்றிக்கொண்டு இடிபாடுகளுக்கு இடையே வழி தேடியது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று பொதுமக்களே குறித்துக் காட்டும் வரைபடம் ஒன்று இதே தரவின் மேல்தான் உருவானது.

இரண்டு இடங்களிலும் யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் கட்டற்றது என்பதன் பொருள்.

நீங்களும் ஏற்றலாம்

கருவி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் செலவே இல்லை. புதிதாக வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: வரைபடம் ஏற்ற முடிகிற கருவியா, மைக்ரோ எஸ்டி அட்டை போட இடம் இருக்கிறதா? கார்மின் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ஈட்ரெக்ஸ் வரிசையில், 10 என்ற எண்ணுள்ள கருவி வெளியிலிருந்து வரைபடம் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. 20, 30 எண்ணுள்ளவை ஏற்கும். பழைய பொருள் வாங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். அண்ணன் வைத்திருப்பது ஈட்ரெக்ஸ் 20. இரண்டு டபுள் ஏ மின்கலங்களில் 25 மணி நேரம் வரை ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. தீர்ந்தால் ஒட்டுக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். மின்னூட்டம் தேடி அலைய வேண்டாம்.

வரைபடத்துக்கு இரண்டு வழிகள். எளிய வழி, கார்மின் கருவிக்கென்றே ஏற்கெனவே மாற்றி வைத்த கோப்பை இறக்கிக்கொள்வது. தன்னார்வலர்கள் நடத்தும் பல தளங்களில் நாட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். அட்டையில் ‘கார்மின்’ என்று ஒரு கோப்புறை உருவாக்கி, அதற்குள் கோப்பைப் போட வேண்டும். பழைய கருவிகளுக்குக் கோப்பின் பெயர் ‘ஜிமேப்சப்’ என்று, ‘ஐஎம்ஜி’ என்ற விகுதியோடு இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். புதிய கருவிகள் எந்தப் பெயர் வைத்தாலும் படிக்கும். கருவியை முடுக்கி, அமைப்புகளில் வரைபடப் பகுதிக்குப் போய் இதை இயக்கிவிட்டு, ஏற்கெனவே இருக்கும் வரைபடத்தை அணைத்துவிடுங்கள். இரண்டும் இயங்கினால் ஒன்று மற்றொன்றை மறைக்கும்.

இரண்டாவது வழி, நாமே தயாரிப்பது. ஜெர்மனியின் ஜியோஃபாப்ரிக் நிறுவனம் ஓப்பன் ஸ்திரீட் மேப் தரவை நாடு வாரியாகப் பிரித்து இலவசமாக வைத்திருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் ஒரே கோப்பில் வரும். அதை ‘எம்கேஜிமேப்’ என்ற திறந்த மூல மென்பொருள் கார்மின் கருவிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும். கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் எந்தப் பெயர் திரையில் வர வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் நம் கைக்கு வந்துவிடுகிறது.

அண்ணன் இந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். “ஒரு ரோட்டுக்கு நாலு பேர் வரைக்கும் வைக்கலாம் தங்கச்சி. உங்க அம்மாவோட பிட் ஸ்திரீட்டையும் போடலாம்.”

ஒரு தெரு, பல பெயர்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் கருவியோடு அந்தத் தெருவுக்குத் திரும்பினோம். லெபோ லைட் முனையிலிருந்து தெற்கு நோக்கி நடை. ஒரு கிலோமீட்டர்கூட வராது. கையில் ஒரு குறிப்பேடு. ஒரே கேள்வி: “இந்த ரோட்டை நீங்க என்னன்னு சொல்லுவீங்க?”

நாணயமாற்றுக் கடைப் பாய்க்கு என்னை நினைவிருந்தது. சிரித்துக்கொண்டே “பிட் ஸ்திரீட்” என்றார். பூக்கட்டும் அக்கா “மாரியம்மன் கோயில் பின்பக்கம்” என்றார். நாசி கண்டார் கடையில் வேலை செய்யும் இராமநாதபுரத்துத் தம்பிக்கு “பள்ளிவாசல் ரோடு”. பழைய சாமான் விற்கும் சீனப் பெரியவர் ஹொக்கியன் மொழியில் “இயா கா” என்றார். தென்னை மரத்தடி என்று பொருள். இப்போது மரம் இல்லை, பெயர் இருக்கிறது.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1786-இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கியபோது பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர் வில்லியம் பிட். அவர் பெயர்தான் பிட் ஸ்திரீட். 1790-களில் போப்ஹாம் என்ற கடற்படை அதிகாரி வரைந்த பழைய நகர வரைபடத்திலேயே இந்தத் தெரு இருக்கிறது. பின்னாளில் அது ‘லெபோ பிட்’ ஆகி, அதன் பிறகு பள்ளிவாசலின் பெயரைப் பெற்றது.

‘கப்பித்தான்’ என்பது பிரிட்டிஷார் ஒவ்வொரு சமூகத்துக்கும் நியமித்த தலைவருக்கான பட்டம். அந்தப் பதவியில் இருந்த காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் பெருவணிகரோடு இணைத்துத்தான் பள்ளிவாசல் பேசப்படுகிறது. ‘கெலிங்’ என்பது இந்தியாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்தவர்களைக் குறிக்க மலாயில் அன்று வழங்கிய சொல். கலிங்கத்திலிருந்து வந்தது என்பார்கள். இன்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னால் அது வசை. பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டு அழுதவள் நான். எனவே வரைபடத்தில் அந்தச் சொல்லைத் தமிழில் தட்டச்சு செய்யும்போது விரல் தயங்கியது உண்மை.

ஆனால் ஓப்பன் ஸ்திரீட் மேப்பில் ஒரு விதி உண்டு. நிலத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் வரைபடத்தில் எழுத வேண்டும். பலகையில் உள்ள பெயர்தான் முதன்மைப் பெயர். நமக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது கணக்கில் வராது. அதோடு பழைய பெயருக்குத் தனிக் கட்டம், மக்கள் வழக்கில் உள்ள மாற்றுப் பெயருக்குத் தனிக் கட்டம், ஒவ்வொரு மொழிக்கும் தனிக் கட்டம் இருக்கிறது. தமிழுக்கும் இருக்கிறது.

இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் பொங்கியது. “அண்ணே, ஜோர்ஜ்டவுன் தெரு எல்லாத்துக்கும் நானே தமிழ்ப் பெயர் எழுதித் தர்றேன். ஒரு வாரம் போதும்!”

அண்ணன் தலையாட்டவில்லை. “நீங்க மொழிபெயர்த்து எழுதினா அது உங்க பேர். ஊர் பேர் இல்லை. நாளைக்கு ஒருத்தர் அதைச் சொல்லிக்கிட்டு வழி கேட்டா யாருக்கும் தெரியாது. அம்மா கதை திரும்ப நடக்கும்.”

கொஞ்சம் வலித்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. வரைபடம் மொழிப் பற்றைக் காட்டும் இடமல்ல, வழி கேட்பவருக்குப் பதில் சொல்லும் இடம். நாம் தேட வேண்டியது, ஏற்கெனவே புழங்கும் பெயர்களை. அப்படிப் பார்த்தால் நம்மிடம் பஞ்சமில்லை. லெபோ பசார் நமக்குத் தலைமுறைகளாகக் கடைத்தெரு. கிங் ஸ்திரீட்டுக்குப் படகுக்காரத் தெரு என்று ஒரு பெயர் இருந்திருக்கிறது. வாட்டர்ஃபால் மலைக்கோயிலைத் தண்ணீர்மலை என்று சொன்னால் தெரியாத தமிழர் பினாங்கில் உண்டா? ‘கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை’ என்பது பலகைப் பெயரின் தமிழாக்கம்தான். ஆனால் வானொலியிலும் பத்திரிகையிலும் நாம் புழங்கிப் புழங்கி அதுவும் பெயராகிவிட்டது.

இவற்றை யார் எழுதுவார்கள்? பெரிய நிறுவனங்களின் வரைபடங்கள் இவற்றுக்காகக் காத்திருக்கவில்லை. பலகைகளில் சில இடங்களில்தான் தமிழ் இருக்கிறது. மிச்சம் எல்லாம் அம்மாவைப் போன்றவர்களின் நினைவில் இருக்கிறது. நாணயமாற்றுக் கடைப் பாய்க்கு எழுபதைத் தாண்டிவிட்டது.

இன்னொரு விதியையும் சொல்லிவிட வேண்டும். வேறு வரைபடத்தைப் பார்த்து நகல் எடுக்கக் கூடாது. அது அடுத்தவர் உரிமை. நேரில் போய்ப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். அன்று நாங்கள் செய்தது அதைத்தான்.

குறையும் உண்டு

அன்று மாலை கருவி பதிவு செய்த தடத்தைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். தேவாலயத்துப் புல்வெளி ஓரமாக நேர்கோடு. கடைவீடுகளின் ஐந்தடிக்குள் நடந்த இடத்தில் கோடு துள்ளித் துள்ளி எதிர்ப்பக்கக் கடைக்குள் போய்விட்டு வந்திருந்தது. கூரைக்கு அடியில் வானம் மறைகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை கருவியைக் குழப்புகிறது. திறந்த வெளியில் சில மீட்டர்தான் பிழை. குறுகிய சந்தில் அது கூடும். ஒருவர் தடத்தை மட்டும் நம்பித் தெரு வரையக் கூடாது, பலர் தடம் வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

மலையில் இன்னும் கவனம் தேவை. பினாங்கு மலைப் பாதைகள் பல இந்த வரைபடத்தில் இருக்கின்றன. ஆனால் ஒருவர் வரைந்த பிறகு மண் சரிந்து மூடிய பாதையும் அதில் இருக்கலாம். திரையில் கோடு இருக்கிறது என்பதற்காகக் காட்டுக்குள் காலை வைக்காதீர்கள். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கருவி வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டால், எல்லாருக்கும் வேண்டாம். இதே வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமல் பார்க்கும் செயலிகள் கைப்பேசிக்கு இருக்கின்றன. ஓஎஸ்எம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் இரண்டும் எனக்குத் தெரிந்தவை. தைப்பூசத்துக்குப் போகும் முன் இதில் ஒன்றில் பினாங்கை இறக்கி வைத்துக்கொண்டாலே பாதிக் கவலை தீர்ந்தது. மழை, சேறு, நாள் முழுக்க நடை, கையிலிருந்து கீழே விழுவது என்றால் கருவிதான் தாங்கும்.

எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை வேறு. அண்ணனின் கருவியில் தமிழ் எழுத்து தெரியாது. அதில் தமிழ் எழுத்துருவே இல்லை. எவ்வளவு அழகாகக் ‘கடைத்தெரு’ என்று எழுதினாலும் அங்கே ரோமன் எழுத்தில்தான் வர வேண்டும். தரவில் தமிழ் இருக்கிறது, கைப்பேசித் திரையிலும் வருகிறது. இந்தச் சின்னக் கருவியில் மட்டும் வாசலில் நிற்கிறது.

பெயர்களைச் சேர்த்த பிறகு அண்ணன் வரைபடத்தைப் புதிதாகத் தயாரித்து ஏற்றினார். அடுத்த முறை அம்மா பினாங்கு வந்தபோது கருவியை அவர் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி ‘பிட்’ என்று அடித்தார். தெரு வந்து நின்றது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து 300 மீட்டர் என்று காட்டியது.

அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “இதுக்கு முன்னாடி நாங்க இருந்த சந்துக்கு ஒரு பேர் சொல்லுவோம். அதையும் போடலாமா?”

“என்ன பேர்மா?”

“எனக்கு நிச்சயமா ஞாபகமில்லை. பெரியம்மாவைத்தான் கேட்கணும்.”

பெரியம்மாவுக்கு வயது 81. பட்டர்வொர்த்தில் இருக்கிறார். இந்தச் சனிக்கிழமை ஃபெரி ஏறிப் போகிறோம். குறிப்பேட்டை எடுத்து வைத்துவிட்டேன்.